யாருடைய வீதி? மாகாணத்துக்கு வரும் பணமும் முதலீட்டாளரின் கணக்கும்

கிழக்கு மாகாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குப் 'பாதை' என்றால் நடந்து போகும் வழி. எங்களுக்கு அது ஆற்றையும் களப்பையும் கடக்க வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் மிதவை. கிண்ணியாத் துறையடியில் பாதைக்காகக் காத்து நின்ற நாட்கள் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நெல் மூட்டை லொறி ஒரு பக்கம், மீன் பெட்டி வேன் ஒரு பக்கம், பிரசவத்துக்குப் போகும் தாய்மார் ஒரு பக்கம் என வரிசை நீண்டு கிடக்கும். 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி சவூதி அரேபியாவின் நிதியுதவியுடன் கட்டப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அன்று பலர் அழுதார்கள். இலங்கையின் மிக நீளமான பாலம் நமது ஊருக்கு வந்துவிட்டது என்ற சந்தோசம் அது.

அதற்குப் பன்னிரண்டு வருடங்கள் கழித்து, 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில், அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு உயிர்கள் அன்றே போயின. பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. பாலம் முடியும் வரைக்கும்தான் அந்தப் பாதை.

நான் பொருளியல் நிபுணன் அல்ல. பாடசாலையில் குடியியற் கல்வி படிப்பிக்கும் ஆசிரியன். அந்தக் கிழமை வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அந்தப் பாலம் யாருட பொறுப்பு?" அந்தக் கேள்விக்கு ஒரே வசனத்தில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பாலத்தைக் கட்டுவது ஒரு நிறுவனம், தற்காலிகப் படகுக்கு அனுமதி கொடுப்பது வேறொரு சபை, பணம் கொடுப்பது இன்னோர் இடம். அந்தப் பதிலைத் தேடப் போன இடத்தில்தான் இன்னொன்றும் புரிந்தது. நமது மாவட்டத்தில் தொழில் தொடங்க ஏன் ஆட்கள் தயங்குகிறார்கள் என்பதற்கான காரணங்களில் ஒன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஒரே ஊர், மூன்று சொந்தக்காரர்

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தச் சட்டம் மாகாண சபைகளைக் கொண்டு வந்தது. அதன்படி அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட ஒன்பதாவது அட்டவணை மத்திய அரசுக்கு எது, மாகாணத்துக்கு எது என்று பிரித்துச் சொல்கிறது. தேசிய நெடுஞ்சாலைகளும் அவற்றில் உள்ள பாலங்களும் துறைமுகங்களும் மத்திய அரசுக்கு உரியவை. மாகாணத்துக்குள் இருக்கும் மற்ற வீதிகளும் அவற்றின் பாலங்களும் மாகாண சபைக்கு உரியவை.

நடைமுறையில் இது மூன்று அடுக்காக இருக்கிறது. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் கையில். அதற்குக் கீழே உள்ள ஒழுங்கைகளும் கிறவல் வீதிகளும் நகர சபை அல்லது பிரதேச சபையின் கையில். திருகோணமலைக்கு வரும் ஏ6, ஏ12, ஏ15 ஆகிய மூன்று பெரிய வீதிகளும் கொழும்பின் பொறுப்பு. யுத்தத்துக்குப் பிறகு மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதியில் உப்பாறு, கங்கை, இறால்குழி போன்ற இடங்களில் பாலங்கள் எழும்பியதும், அதற்குப் பிரான்சின் கடனுதவி கிடைத்ததும் அந்த வகையில்தான்.

ஆனால் நெல் ஏ15 வீதியில் விளைவதில்லை. வயலிலிருந்து புறப்படும் மூட்டை முதலில் பிரதேச சபையின் கிறவல் வீதியில் வரும். பிறகு மாகாண வீதியில் ஏறும். கடைசியில்தான் காப்பட் போட்ட பெரிய வீதிக்கு வந்து சேரும். நூறு கிலோமீற்றர் பயணத்தில் தொண்ணூற்றாறு கிலோமீற்றர் கண்ணாடி போல இருந்தாலும், மாரியில் லொறி புதைவது மீதி நாலு கிலோமீற்றரில்தான். அந்த நாலு கிலோமீற்றருக்கான பணம் எப்படி வருகிறது என்பதுதான் விசயம்.

பணம் வரும் வழி

மாகாண சபைக்குச் சொந்த வருமானம் கொஞ்சம் உண்டு. நாம் வருடாவருடம் மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் எடுக்கும் வாகன வருமான அனுமதிப் பத்திரத்தின் கட்டணம் மாகாணத்துக்குப் போகிறது. காணி எழுதும்போது கட்டும் முத்திரைத் தீர்வை மாகாணத்தின் ஊடாக உள்ளூராட்சி சபைகளுக்குப் போய்ச் சேருகிறது. முன்பு வியாபாரிகளிடமிருந்து மொத்த விற்பனைப் புரள்வு வரியை மாகாணங்களே அறவிட்டன. 2011இல் அது நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக மத்திய அரசு அறவிட்ட தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு மாகாணங்களுக்குத் தரப்பட்டது. 2019 டிசம்பரில் அந்த வரியே இல்லாமல் போனது. மாகாணம் மத்தியின் கையை எதிர்பார்ப்பது இப்படித்தான் படிப்படியாகக் கூடியது.

அந்தக் கை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சிபாரிசு செய்வது நிதி ஆணைக்குழு. அரசியலமைப்பின் 154ற உறுப்புரை இதை அமைத்தது. மத்திய வங்கி ஆளுநரும் திறைசேரிச் செயலாளரும் பதவி வழியாக அதில் இருப்பார்கள். அவர்களோடு நாட்டின் மூன்று பிரதான சமூகங்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் மூன்று பேர் நியமிக்கப்பட வேண்டும். அதாவது, முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்த ஒருவருக்கு இந்த மேசையில் அரசியலமைப்பே ஓர் ஆசனம் வைத்திருக்கிறது. நாடாளுமன்ற ஆசனங்களைப் பற்றி விடிய விடியப் பேசும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பணத்தைப் பங்கிடும்போது கவனிக்க வேண்டியவற்றையும் அந்த உறுப்புரை சொல்கிறது. மாகாணத்தின் சனத்தொகை, ஆள்வீத வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்கும் தேவை, வருமானம் கூடிய மாகாணத்துக்கும் மற்ற மாகாணங்களுக்கும் இடையிலான இடைவெளியைக் குறைக்கும் தேவை ஆகியவை அவை. பின்தங்கியவர் கை நீட்டிக் கேட்க வேண்டியதில்லை, கணக்கே அவருக்குச் சாதகமாக வேலை செய்ய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பணம் பல பெயர்களில் வருகிறது. தொகுதி நன்கொடை என்பது பெரும்பாலும் சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும். என்னுடைய சம்பளமும் அதிலிருந்துதான் வருகிறது. பிரமாண அடிப்படையிலான நன்கொடை என்பது சிறிய அபிவிருத்தி வேலைகளுக்கு. வீதி, பாலம், பாடசாலைக் கட்டடம், வைத்தியசாலை போன்ற மூலதன வேலைகளுக்கு வருவது மாகாணக் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நன்கொடை. அலுவலகங்களில் 'பீ.எஸ்.டி.ஜி.' என்பார்கள். வீதி இந்த ஒரே பையில் பாடசாலையோடும் வைத்தியசாலையோடும் போட்டி போட வேண்டும். வீதிக்கென்று தனிப் பை கிடையாது.

ஒதுக்கீடு வேறு, காசு வேறு

இன்னொரு சிக்கல் உண்டு. வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தொகை ஒதுக்கப்பட்டால் அது வந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அது வாக்குறுதி மட்டும்தான். திறைசேரியின் கையில் இருக்கும் காசைப் பொறுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது விடுவிக்கப்படும். நாட்டுக்கு நெருக்கடி வந்தால் முதலில் வெட்டு விழுவது மூலதனச் செலவுக்கு. சம்பளத்தை நிறுத்த முடியாது, வீதியைத் தள்ளிப்போடலாம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியபோது நாடெங்கும் பாதியில் நின்ற வேலைகளை நாம் கண்ணால் கண்டோம். குறிஞ்சாக்கேணிப் பாலமும் நீண்ட காலம் முடியாமலே கிடந்தது.

இதன் விளைவு கொந்தராத்துக்காரரில் தொடங்குகிறது. வேலையை முடித்து பில் கொடுத்தவர் மாதக்கணக்கில் காத்திருப்பார். அவர் கல்லும் தாரும் கடனுக்கு வாங்கியவர். வட்டி ஏறும். அடுத்த முறை கேள்விப்பத்திரம் போடும்போது அந்தத் தாமதத்துக்கும் சேர்த்து விலை போடுவார், அல்லது ஒதுங்கிக்கொள்வார். ஆகவே அதே பணத்துக்கு நமக்குக் கிடைக்கும் வீதியின் நீளம் குறைகிறது. பிந்தி வரும் நூறு ரூபாய், நேரத்துக்கு வரும் எண்பது ரூபாய் செய்யும் வேலையைத்தான் செய்யும்.

முதலீட்டாளர் எதைப் பார்க்கிறார்?

முதலீட்டாளர் என்றதும் கோட்டும் சூட்டுமாக விமானத்தில் வந்திறங்கும் ஆளை நினைக்க வேண்டாம். மத்திய கிழக்கில் பதினைந்து வருடம் உழைத்த காசில் அரிசி ஆலை போட யோசிப்பவரும் முதலீட்டாளர்தான். மூதூரில் ஐஸ் ஆலை வைக்க நினைப்பவரும், தயிர்ச் சட்டிகளை வெளி மாவட்டத்துக்கு அனுப்புபவரும் முதலீட்டாளர்கள்தான்.

அவருடைய கணக்கை உதாரணமாகப் போட்டுப் பார்ப்போம். லீசிங்கில் எடுத்த லொறி ஒன்று நல்ல வீதியில் ஒரு நாளில் மூன்று தடவை ஆலைக்கு நெல் கொண்டு வரும் என்று வையுங்கள். குழி விழுந்த வீதியில் அது இரண்டு தடவையாகக் குறைகிறது. லீசிங் கட்டணம் குறையாது, சாரதியின் சம்பளமும் குறையாது. இரண்டு லொறி செய்யும் வேலைக்கு மூன்று லொறி வேண்டும். டயர், வில்லுத்தகடு, உடைந்த தயிர்ச் சட்டி, ஐஸ் உருகிப் போன மீன் எல்லாம் அதற்கு மேல். இந்தச் செலவு யார் தலையில் விழும்? கொழும்பில் அரிசி விலையை அவர் தீர்மானிக்க முடியாது. ஆகவே விவசாயியிடம் நெல்லை விலை குறைத்து வாங்குவார்.

மோசமான வீதியைக்கூட முதலீட்டாளர் தாங்கிக்கொள்வார், கணக்கில் சேர்த்துக்கொள்வார். அவரால் கணக்கில் சேர்க்க முடியாதது நிச்சயமின்மை. இந்த வீதி அடுத்த வருடம் போடப்படுமா, ஐந்து வருடம் கழித்தா, அல்லது தேர்தல் வந்தால் மட்டுமா என்று தெரியாவிட்டால் அவர் காசை வங்கியில் போடுவார், அல்லது கொழும்பில் ஒரு வீட்டை வாங்கிவிடுவார். அப்படிப் போனவர்களை நமக்கெல்லாம் தெரியும்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பாருங்கள். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பாடப் புத்தகத்தில் நானே படிப்பிக்கிறேன். 1980களின் முற்பகுதியில் பிரிமா மாவு ஆலையும் டோக்கியோ சீமெந்து ஆலையும் வந்தன. அவற்றுக்கு ஆழ்கடல் பக்கத்தில் இருந்தது, ரயில் பாதையும் பெரிய வீதியும் இருந்தன. மர்ஹூம் அஷ்ரப் துறைமுக அமைச்சராக இருந்தவர், அவர் பெயரில் இங்கே ஓர் இறங்குதுறையும் இருக்கிறது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கு 2022 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டம் 2025 ஏப்ரலில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. இப்படிப்பட்ட பெரிய முதலீட்டாளர்களால் கொழும்போடு நேரடியாகப் பேச முடியும், தேவையான வசதியை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள முடியும். ஐஸ் ஆலைக்காரரால் அது முடியாது. மாகாணத்துக்கு வரும் அந்த நன்கொடைதான் அவருடைய ஒரே நம்பிக்கை.

மற்ற நாடுகளில் எப்படி?

மத்திய அரசு மாகாணத்துக்கோ மாநிலத்துக்கோ வீதிப் பணம் கொடுப்பது நமக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. அமெரிக்காவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலை வலைப்பின்னலின் செலவில் 90 வீதத்தை மத்திய அரசு ஏற்றது. எரிபொருள் வரியிலிருந்து வரும் பணம் தனியான ஒரு நிதியத்தில் சேர்கிறது. பெரும்பகுதி சட்டத்தில் எழுதப்பட்ட சூத்திரத்தின்படி மாநிலங்களுக்குப் பிரிகிறது. வழக்கமாக ஒரு சட்டம் பல வருடங்களுக்குச் செல்லும் என்பதால் அடுத்தடுத்த வருடங்களில் எவ்வளவு வரும் என்று மாநிலத்துக்கு முன்கூட்டியே தெரியும்.

அதனால் 1990களின் நடுப்பகுதியிலிருந்து அங்கே ஒரு புதிய வழி வந்தது. எதிர்காலத்தில் வரப்போகும் அந்த மானியத்தைக் காட்டியே மாநிலங்கள் கடன் பத்திரம் விற்கின்றன. வாங்குபவர்கள் ஓய்வூதிய நிதியங்களும் சாதாரணச் சேமிப்பாளர்களும். பணம் இன்னும் வரவில்லை, ஆனால் வரும் என்ற நம்பிக்கைக்கே அங்கே சந்தை விலை இருக்கிறது. (வட்டி சம்பந்தப்பட்ட இந்த முறை நமக்கு ஆகுமா என்பது வேறு கேள்வி. இங்கே பார்க்க வேண்டியது அந்த நம்பிக்கையின் பெறுமதியை.)

அவர்களும் தவறாதவர்கள் அல்ல. அந்த எரிபொருள் வரி 1993க்குப் பிறகு உயர்த்தப்படவில்லை. நிதியம் வற்றத் தொடங்கி, 2008 முதல் பொது வருமானத்திலிருந்து அதற்குப் பணம் மாற்ற வேண்டியதாயிற்று. பிறகு 2015 முடிவு வரை நீண்டகாலச் சட்டத்தில் உடன்பாடு இல்லாமல், சில மாதங்களுக்கு ஒரு தடவை நீடித்து நீடித்துப் பணம் கொடுத்தார்கள். அப்போது சில மாநிலங்கள் வேலைகளை ஒத்திவைத்தன. உலகின் பெரிய பணக்கார நாட்டிலேயே, பணம் எப்போது வரும் என்பது தெரியாமல் போனதும் வேலை நின்றது.

பக்கத்தில் உள்ள இந்தியாவில் 2020-21 நிதியாண்டிலிருந்து மத்திய அரசு மாநிலங்களுக்கு மூலதன வேலைகளுக்காக 50 வருட வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது. சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் அதை எடுக்க முடியாது. மூலதனத்துக்குத் தனிப் பை என்பதே அதன் முக்கிய அம்சம்.

'யார் போட்டால் என்ன?' என்று கேட்பவர்களுக்கு

நியாயமான ஒரு கேள்வி உண்டு. மாகாணத்தை விடுங்கள், கொழும்பே நேரடியாக வீதியைப் போட்டுத் தந்தால் என்ன? ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு 'ஐ-றோட்' திட்டம் கிழக்கிலும் பல கிராமிய வீதிகளைக் காப்பட் ஆக்கியது. மாகாண சபை இயங்கிய காலத்திலும் எல்லாம் நேராக நடக்கவில்லையே?

உண்மைதான். பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு போகும் தாய்க்கு வீதியை யார் போட்டார்கள் என்பது முக்கியமல்ல. ஆனால் திட்டம் ஒரு நாள் முடியும், அதிகாரிகள் கொழும்புக்குத் திரும்புவார்கள். அதற்குப் பிறகு வீதி மாகாணத்தின் பொறுப்பில்தான் கிடக்கும். வடிகான் அடைத்தால், மகாவலி பெருகி ஓரம் அரித்தால், திருத்தும் காசு மாகாணத்தின் கையில் இருக்க வேண்டும். போடுவதற்கு வெளிநாட்டுக் கடன் கிடைக்கிறது. பராமரிப்புக்கு அப்படிக் கடன் கிடைப்பது குறைவு.

நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியும் இப்படித்தான். நூறு மீற்றர் கொங்கிரீட் வீதிக்கு முன்னால் பெரிய பெயர்ப் பலகை. அந்த நூறு மீற்றருக்கு அப்பால் மறுபடியும் சேறு. நன்றி சொல்லப் பழகியிருக்கிறோம், கணக்குக் கேட்கப் பழகவில்லை. சலுகையாக வரும் வீதி அடுத்த தேர்தலில் வேறு ஊருக்குப் போகலாம் என்பது முதலீட்டாளருக்கு நன்றாகத் தெரியும்.

நாம் என்ன கேட்க வேண்டும்?

முதலாவது, மாகாண சபைத் தேர்தல். கிழக்கு மாகாண சபையின் பதவிக் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடத்தப்படவில்லை. ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஆளுநரும் அதிகாரிகளும் நிர்வாகத்தை நடத்துகிறார்கள். அவர்கள் நல்லவர்களாக இருக்கலாம். ஆனால் எந்த வீதி முதலில், எது பிறகு என்று தீர்மானிப்பவரிடம் வாக்கு மூலம் கேள்வி கேட்கும் வழி நமக்கு இல்லை. திருகோணமலையிலேயே மாகாண சபையின் தலைமையகம் இருந்தும், நம் மாவட்டத்தின் வீதிக்காக வாதாட அங்கே நாம் தெரிவு செய்த ஒருவரும் இல்லை.

இரண்டாவது, பட்டியல். ஒவ்வொரு வருடமும் எந்த வீதிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு விடுவிக்கப்பட்டது, வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பிரதேசம் பிரதேசமாகத் தமிழில் வெளியிட வேண்டும். இது இல்லாததால் நட்டப்படுவது யார் தெரியுமா? காணிக்காரர். வீதி வரப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்தவர், தெரியாதவரிடம் பழைய விலைக்குக் காணி வாங்குகிறார். காப்பட் போட்ட பிறகு விலை ஏறும்போது, விற்றவர் தன் காணியைக் கடந்து முச்சக்கர வண்டியில் போவார். தகவல் எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைத்தால் இந்த அநியாயம் பாதியாகக் குறையும்.

மூன்றாவது, பராமரிப்புக்கும் மூலதனத்துக்கும் தனிப் பை. அதுவும் ஒரு வருடத்துக்கல்ல, மூன்று வருடத்துக்காவது முன்கூட்டிச் சொல்லப்பட்ட தொகை. நிறைய வேண்டும் என்று மட்டும் கேட்காமல், சொன்னதைச் சொன்ன நேரத்துக்குத் தாருங்கள் என்று கேட்போம்.

இதற்கெல்லாம் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் ஒரு விண்ணப்பம் எழுதிக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி தீர்மானிக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள வீதி எந்தத் தரம், யாருக்குச் சொந்தம், கடந்த மூன்று வருடத்தில் அதற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்ற நாலு கேள்விகள் போதும். பள்ளிவாசல் நிர்வாகங்கள், விவசாய சம்மேளனங்கள், மீனவர் சங்கங்கள் இதைச் செய்யலாம். பொதுப் பணம் ஓர் அமானிதம் என்று மிம்பரில் கேட்கிறோம். அமானிதத்துக்குக் கணக்குக் கேட்பது குறை சொல்வதாகாது.

அந்த மாணவிக்கு நான் அடுத்த கிழமை பதில் சொன்னேன். கரும்பலகையில் மூன்று பெட்டிகள் கீறி, கொழும்பு, மாகாணம், சபை என்று எழுதி, பணம் போகும் வழியை அம்புக்குறியால் காட்டினேன். அவள் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப சேர், இதில நாங்க எங்க இருக்கிறோம்?"

கரும்பலகையில் நமக்கென்று நான் பெட்டி எதுவும் கீறியிருக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதினேன்.